ஹாரன் அடித்தால் திறக்கும் கேட்

பைக்குக்கு ஒயரிங் பார்க்கிறவனிடம் வண்டியில் இல்லாத கோளாறுகளைத்தான் ஜனங்கள் அதிகம் கொண்டுவருவார்கள். நான் பாறசாலையில் கடை வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது டெஸ்டரும் கையுமாக அலைகிறவர்கள் இருந்தால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

மழைக்கோட்டுக்குள் ரிமோட்

செல்வராஜ் அண்ணனுக்கு ஆரியங்கோட்டில் ரப்பர் ஷீட் கடை. துபாயிலிருக்கும் மகன், இவர் வீட்டுக் கேட்டுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்திருந்தான். ரிமோட் பேன்ட் பாக்கெட்டில், பேன்ட் மழைக்கோட்டுக்குள். தானாகத் திறக்கிற கேட்டின் முன்னால் நின்று மனிதர் தினமும் நனைந்தார். கையால் தள்ளித் திறந்த காலத்தில்கூட இவ்வளவு நனையவில்லையாம்.

ரிமோட்டை பைக்கிலேயே சேர்த்துத் தரச் சொன்னார். செய்யக்கூடியதுதான். ரிமோட்டைப் பிரித்து, பட்டனில் இரண்டு ஒயர் பற்றவைத்து, ஒரு ரிலே வழியாக வண்டியின் ஏதாவது சுவிட்சோடு சேர்த்தால் போதும். லைட்டை மின்னவைக்கிற பாஸ் சுவிட்சில் சேர்க்கலாம் என்றேன். தன் வண்டியில் அப்படியொரு சுவிட்ச் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நம்மூர்க்காரர்கள் ஹாரனை என்ன பாடு படுத்துவார்கள் என்று தெரிந்தும் நான் வளைந்து கொடுத்தது என் புத்திகேடு. அவர் சொன்னது இவ்வளவுதான்: “ஹாரன்ல தா மக்கா. எனக்க பெருவிரல் எப்பவும் அங்கதான் கெடக்கும்.”

பாதித் திறந்த கேட்

நாலாம் நாளே வந்துவிட்டார். கேட் பாதி திறந்து நின்றுவிடுகிறதாம். போய்ப் பார்த்தேன். மனிதர் வீட்டு வாசலில் எப்போதும் இரண்டு ஹாரன் அடிப்பார். முதல் அடிக்குக் கேட் திறக்கத் தொடங்கும், இரண்டாவதுக்கு நின்றுவிடும். ஒன்றே ஒன்று அடியுங்கள் அண்ணே என்றேன். முகம் வாடிப்போயிற்று. “ரெண்டு அடிச்சாத்தான் நான் வந்தேன்னு ஸ்டெல்லாக்குத் தெரியும். ஒண்ணு அடிச்சா மீன்காரன்னு நெனச்சிருவா.”

நாலு மணி

அடுத்த மாதம் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவே ஆட்டோ பிடித்து கடைக்கு வந்தார். நாலு மணியானால் கேட் தானாகத் திறக்கிறது, ஐந்து மணிக்குத் தானாக மூடுகிறது. அந்த இடைவெளியில் ஆடுகள் வெளியேறி அடுத்தவர் மரச்சீனிக் கிழங்குச் செடியைத் தின்றுவிடுகின்றன. பழி என் ஒயரிங் மேல். மறுநாள் மூன்றரைக்கே போய் மூடிய கேட்டுக்குப் பின்னால் மோட்டார் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். அக்காவும் பக்கத்தில் நின்றார்.

கேட்டுக்கு எதிரே ஒரு குருசடி, சாலையோரச் சிலுவைக் கோயில். வண்டியில் போகிற எல்லோரும் அங்கே ஒரு சின்ன ஹாரன் அடித்து வணங்கிவிட்டுத்தான் போவார்கள். சரியாக நாலு மணிக்கு ஒரு ஹாரன், கேட் திறந்தது. சாலையில், அந்நேரம் கடையில் இருக்க வேண்டிய செல்வராஜ் அண்ணன், ஹாண்டிலில் பாலும் ரொட்டியும் தொங்க, வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பாமல் மேலே போய்க்கொண்டிருந்தார்.

அந்த வழியில் மிச்சமிருப்பது அவருடைய கூடப்பிறந்த அண்ணன் வீடு ஒன்றுதான். திரும்பி வரும்போது குருசடிக்கு அடிக்கிற ஹாரனில்தான் ஐந்து மணிக்குக் கேட் மூடியிருக்கிறது. நிலத்து எல்லைத் தகராறில் இரு வீட்டுக்கும் எட்டு வருடமாகப் பேச்சில்லை. அந்த அண்ணன் இப்போது பக்கவாதத்தில் படுக்கையில். அங்கே போனால் இந்த வீட்டில் சோறில்லை என்று ஸ்டெல்லா அக்கா சொல்லிவைத்திருந்தது ஊருக்கே தெரியும். என் இரண்டு ஒயர் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடப் போகிறதே என்று பயந்து, ரிமோட் கோளாறுதான், மாற்றிவிடலாம் என்று உளறினேன். அக்கா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தாளு போற வழிக்கு வேற வீடு இல்ல மக்கா.”

பாஸ் சுவிட்ச்

இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள்; நான் போய்ச் சேர்ந்த நாலு மணி வாக்கில் பைக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. செல்வராஜ் அண்ணன் இறங்கி, தரையைப் பார்த்தபடி, பாஸ் சுவிட்சுக்கே மாற்றிவிடு என்றார். ஸ்டெல்லா அக்கா பின் சீட்டிலிருந்து இறங்கவில்லை. மடியில் துண்டு சுற்றிய கஞ்சிப் பாத்திரம். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் தடுத்தார். “ஆறுறதுக்கு முந்தி கொண்டு குடுக்கணும். ஆட்டைக் கெட்டிப் போட்டாச்சு மக்கா, கேட் தொறந்தா தொறக்கட்டு.”

அன்றிலிருந்து ஹாரனில் ரிமோட் கேட்டு வருகிறவர்களிடம், வண்டி எந்த மாடல் என்பதோடு, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை உண்டா என்பதையும் கேட்டுவிட்டுத்தான் சீட்டைக் கழற்றுகிறேன்.