சத்தம் பிடிக்காதவர்

கொரோனா வார்டில் எனக்கு அடுத்த படுக்கையில் கிடந்தவர் பாளையங்கோட்டைப் பாத்திரக்கடை அண்ணாச்சி. தடித்த கழுத்து, சாயமிட்ட மீசை. இதயத்துடிப்பு தடுமாறினால் மானிட்டர் அலறும். உடனே கைநீட்டிப் பொத்தானை அமுக்கி, தன்னுடையதையும் என்னுடையதையும் அடக்கிவிடுவார்.

“அலாரத்தை நோயாளி தொடக்கூடாது” என்றேன். பணிக்காலம் முழுக்க விதிகளைக் கட்டிக் காத்தவன் நான்.

“நீரு என்ன கலெக்டரா? பேசாம படும் வே.”

ஒரு மதியம் என் நெஞ்சு தாறுமாறாக அடித்தது, கண் இருட்டியது. அவர்தான் “நர்ஸம்மா!” என்று வார்டே அதிரக் கத்தினாராம். ஊசி போட்டுத் துடிப்பைச் சீராக்கினார்கள்.

கண் விழித்ததும் நன்றி சொன்னேன்.

“நன்றி கெடக்கட்டும். அமுக்க அமுக்க உம்ம மிஷினு திரும்பத் திரும்பக் கத்துது. மனுசன் ஒறங்க வேண்டாமா வே?”

முதல் அமுக்கிலேயே அது அடங்கியிருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் இன்றும் அவர் கடையைக் கடந்துபோகிறேன், உள்ளே நுழைவதில்லை.