சொர்ணலதாவின் இடது கை

தேனி பஜாரில் ‘டைப் டீச்சர் எங்கே’ என்று யாரைக் கேட்டாலும் சொர்ணலதாவைத்தான் காட்டுவார்கள். பழனிசெட்டிபட்டியிலிருந்து விடியுமுன்னே நடந்து வந்து, ஆறு மணி வகுப்புக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் ஷட்டரைத் தூக்கிவிடுகிறவள் அவள். பத்து வருஷமாக இதே வேலை. அவளிடம் தட்டிப் பழகிய பிள்ளைகள் பெரியகுளத்துத் தாலுகா ஆபீஸில் இருக்கிறார்கள், லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இருக்கிறார்கள், கோர்ட்டில்கூட ஒருத்தன் இருக்கிறான். அவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். சர்க்கார் பரீட்சை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் பாஸ், ஆர்டர்தான் வரவில்லை. முப்பது முடிந்ததும் மனுப் போடுகிற தகுதியும் போய்விட்டது. கற்றுக்கொடுத்தவளுக்கு வேலை கிடையாது, கற்றுக்கொண்டவனுக்கெல்லாம் உண்டு. இதை என்னவென்று சொல்ல? நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம், மோட்டார் கடை ஞானசிகாமணி தன் கடை மாடியில் ‘கம்ப்யூட்டர் சென்டர்’ என்று போர்டு மாட்டினார். கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மிஷின் ஒன்றுதான் அந்த சென்டரின் மொத்த ஆஸ்தி. பார்த்தால் ஒரு தடித்த புத்தகம் மாதிரி இருக்கும். மேலே ரப்பர் கீ வரிசை. டிவியில் சொருகினால் எழுத்து வரும். பாடமெல்லாம் கேசட்டில். டேப் ரிக்கார்டரில் போட்டுவிட்டால் கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி ஐந்து நிமிஷம் கத்தும், அப்புறம் மிஷினுக்குள் ஏதாவது வந்து உட்காரும். மலைப்பக்கத்துச் சாரலில் மூன்று கேசட் பூஞ்சை பிடித்துவிட, மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் பாடமில்லை. துப்பாக்கி விளையாட்டு.

கேசட் மேல் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்துபோனதால் அதன் பெயர் யாருக்கும் தெரியாது. ‘மாடி ஆட்டம்’ என்றார்கள். திரையில் குட்டியாக ஒரு ஆள். அவன் மாடி மாடியாக ஏற வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட வேண்டும், பள்ளம் வந்தால் தாவ வேண்டும், எதிரே வரும் இரும்புப் பொம்மைகளைச் சுட வேண்டும், கடைசியில் உள்ள கதவுக்குள் நுழைய வேண்டும். எல்லாம் தலைதெறிக்கிற வேகம். நேரம் முடியப்போகிறது என்றால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம் ஏழெட்டு நொடிதான். மொத்தம் மூன்று உயிர். அவ்வளவும் போனால் மறுபடி கீழ் மாடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சென்டரில் பாடம் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டியிருந்தது. இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி சொர்ணலதா. இன்னொருவன் மிஷினைக் கொண்டுவந்த மைத்துனருடைய மகன் பொன்னுராஜ், பாலிடெக்னிக் படித்துவிட்டு வீட்டில் இருந்தவன். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது. ஞானசிகாமணிக்கு அதைவிடத் தெரியாது.

ஆனால் ஆள் எடுப்பதில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மெக்கானிக் வேலைக்கு எவன் வந்தாலும் சர்டிபிகேட்டை வாங்கிக்கூடப் பார்க்க மாட்டார். பழுதான மோட்டார் ஒன்றை முன்னால் தள்ளி ‘ஓட்டிக் காட்டு’ என்பார். ஓடினால் வேலை. ஓடாவிட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இதற்கும் அதையேதான் செய்தார். மைத்துனர் மகனென்றும் பார்க்கவில்லை.

“ரெண்டு பேரும் பதினஞ்சு நாள் பழகுங்க. ஆளுக்கு அரை மணி. இதுவரைக்கும் நாலாம் மாடிக்கு மேல ஒருத்தரும் போனதில்ல. அஞ்சாம் மாடிக் கதவத் தாண்டிக் காட்டுறவுகளுக்கு வேலை. பெறகு புஸ்தகத்தப் படிச்சுப் பாடம் நடத்திக்கிருங்க” என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவள் அம்மா பஞ்சம்மாள், பொம்மையைச் சுட்டால் சம்பளம் தருகிற ஊரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்று சிரித்தாள். சொர்ணலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இனி வேறு எங்கும் அவளை யாரும் பரீட்சை எழுதக் கூப்பிடப் போவதில்லை. இது ஒன்றுதான் பாக்கி.

முதல் நாளே ஒன்று தெரிந்துவிட்டது. வேகத்தில் அவளுக்குக் குறைச்சல் இல்லை. கீயைக் குனிந்து பார்க்காத விரல்கள். ஆனால் ‘டிங்’ என்றதும் ஆள் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி ஆடினாள். ‘டிங்’, பள்ளம். அடுத்ததும் அப்படியே. பொன்னுராஜ்தான் கவனித்துச் சொன்னான்: “அக்கா, ஒங்க இடது கை எங்க போகுது?”

எங்கே போகும்? லீவருக்குப் போனது. டைப்ரைட்டரில் வரி முடியப் போகிறது என்றால் மணி அடிக்கும். அடித்ததும் இடது கை எழுந்து லீவரைத் தள்ளினால்தான் அடுத்த வரி. ‘மணி கேட்டா யோசிக்கக் கூடாது, கை தானாப் போகணும்’ என்று எத்தனை நூறு பிள்ளைகளை அவள் ஸ்கேலால் முட்டியில் தட்டியிருப்பாள்! இந்த ஆட்டத்தில் தாவுகிற கீ இடது கையில் இருந்தது. ‘டிங்’ என்றதும் கை ஆகாயத்துக்குப் போய்விடும். தாவ வேண்டியவன் நேரே நடந்து குழிக்குள் போவான். ஒரு நாள் பறந்த கை பக்கத்தில் இருந்த டீ கிளாஸைத் தட்டி, ஞானசிகாமணியின் வெள்ளை வேட்டி முழுக்க டீ. வந்த கோபத்தை அவர் அடக்கிக்கொண்டது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நாலாம் நாள் அவளுக்கு இன்னொன்று புலப்பட்டது. பொம்மைகள் இஷ்டத்துக்கு வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே வரிசையில், அதே நேரத்தில் வருகின்றன. பொன்னுராஜ் கண்ணால் பார்த்துப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இது சண்டையே இல்லை, பாடம் என்று இவளுக்குத் தோன்றியது. எந்த கீயை எத்தனை எண்ணிக்கைக்கு அழுத்துவது, எங்கே தாவுவது, எங்கே சுடுவது என்று மாடிவாரியாக நோட்டில் எழுதிக்கொண்டாள். அஞ்சாம் மாடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுத முடிந்தது. ஒவ்வொரு சாவுக்கும் நாலு எழுத்துக் கூடியது. கதவுவரைக்கும் எழுதி முடித்தது பதினோராம் நாள்.

அரை மணி நேரம் போதவில்லை. மத்தியானம் வகுப்பில்லாத நேரத்தில் இன்ஸ்டிடியூட்டின் மூன்றாம் நம்பர் மிஷினில் உட்கார்ந்து அந்தப் பாடத்தை அடித்துப் பார்த்தாள். அங்கேயும் மணி, அங்கேயும் கை எழுந்தது. ரிப்பன் துண்டால் இடது மணிக்கட்டை மேஜைக் கட்டையோடு கட்டினாள். மணி அடித்த பிறகும் நிறுத்தாமல், காகிதத்தின் ஓரத்தைத் தாண்டி அடித்துக்கொண்டே போனாள். ரோலர் கோடியில் போய் முட்டினால் வலது கையால் தள்ளிவிட்டு மறுபடி அடித்தாள். மணி, மணி, மணி. கட்டு இழுத்துப் பிடிக்க, கை துடித்துத் துடித்துப் படுத்தது.

டைப்ரைட்டர் வைத்திருப்பவர்களுக்குக் காகிதம் இல்லாத ரோலரில் எழுத்து விழுந்தால் நெஞ்சில் விழுந்த மாதிரி. ரோலர் பள்ளம் பள்ளமாகிவிடும். முதல் நாள் வருகிற பிள்ளைக்கே அதைச் சொல்லித்தான் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சொல்லிக் கொடுக்கிறவளே அதைச் செய்துகொண்டிருந்தபோது இன்ஸ்டிடியூட் ஓனர் அழகர் பின்னால் வந்து நின்றார். கட்டிய கை, வெற்று ரோலர், அர்த்தமில்லாத எழுத்தாக ஒரு காகிதம். எல்லாவற்றையும் பார்த்தார்.

“எம் மிசினக் கெடுத்து இன்னொருத்தர் மிசினுக்குப் பழகுறீகளாக்கும். நாளைல இருந்து வர வேணாம் டீச்சர்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் கொடுமை. கூனிக் குறுகி வெளியே வந்தாள். அது வியாழக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் பரீட்சை. தோற்றால் பத்து வருஷ வேலையும் இல்லை, புது வேலையும் இல்லை. அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையும் வழக்கம்போலக் கிளம்பி வந்து, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் மத்தியானம்வரை உட்கார்ந்து, மடியில் வைத்த நோட்டின் மேலேயே விரலால் அடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஆடிக்காற்று போட்டு அடித்தது. கடை போர்டுகள் தடதடவென்று ஆடின. மாடி அறையில் கடைப் பையன்களும் பக்கத்துக் கடைக்காரர்களுமாக இருபது பேர். மின்சாரம் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தது. ஞானசிகாமணி கம்ப்யூட்டருக்கு மட்டும் ஸ்டெபிலைசர் போட்டிருந்தார்; டிவி பழையதுதானே என்று நேராகச் சுவரில் சொருகியிருந்தார்.

முதலில் பொன்னுராஜ். பையன் நன்றாகவே ஆடினான். நாலு மாடியைத் தாண்டி ஐந்தாவதற்கு வந்துவிட்டான். இரண்டு உயிர் அங்கேயே போயிற்று. மூன்றாவது உயிரில் கதவு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும். மேலிருந்து குதித்த பொம்மையை அவன் பார்த்தான், ஆனால் விரல் பிந்திவிட்டது. எழுந்தவன் வேர்த்து ஊற்றிய முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்காருங்கக்கா என்று நாற்காலியை இழுத்துவிட்டான்.

சொர்ணலதா உட்கார்ந்தாள். முதல் மாடி போயிற்று, இரண்டு போயிற்று. மூன்றாம் மாடியில் ‘டிங்’ என்றபோது கை எழுந்தேவிட்டது. ஒரு உயிர் போயிற்று. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நாலாம் மாடியில் மறுபடியும் அதே தப்பு. இன்னொரு உயிரும் போயிற்று. பாழாய்ப்போன கையை வெட்டிப் போட்டால் என்ன என்று ஆத்திரம் வந்தது அவளுக்கு. மிஞ்சியது ஒரே உயிர். நாலாவதைத் தாண்டி ஐந்தாம் மாடியில் கால் வைத்தாள்.

பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டாள். வெளியே எங்கோ கம்பி உரசியது போலிருக்கிறது. ட்யூப்லைட் செத்துப்போய், மின்விசிறி முனகிக்கொண்டு மெதுவாகியது. டிவிப் படம் நாலு பக்கமும் சுருங்கி, ஒரு புள்ளியாகி, கறுத்துவிட்டது. கரண்டு போகவில்லை, வோல்டேஜ்தான் விழுந்துவிட்டது. ஆனால் ஸ்டெபிலைசர் புண்ணியத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள்ளிருந்து குட்டி ஆளின் காலடிச் சத்தம் டிக் டிக் என்று வந்துகொண்டே இருந்தது. ஆட்டம் நிற்கவில்லை, அவள் விரலும் நிற்கவில்லை.

ஞானசிகாமணி, விடும்மா, கரண்டு சரியானதும் மறுபடி முதலிலிருந்து ஆடலாம் என்று சொன்னார். அவள் காதில் அது விழுந்தது. மறுபடி ஆட அவளிடம் தெம்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். வலது கை எட்டு எண்ணும் வரை ஓடியது. இடது கை தாவியது. கட்டை விரல் இரண்டு தடவை சுட்டது; இரண்டு தடவையும் பொம்மை உடைகிற சத்தம் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் அடித்த பாடம் அப்படியே விரலில் வந்தது. இருபது பேரும் கறுத்த டிவியைப் பார்த்துக்கொண்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

‘டிங்.’

தோள்பட்டை துடித்தது. முழங்கை மேஜையை விட்டு எழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இடது கை விரலைத் தாவுகிற கீயின் மேலேயே பிடித்து வைத்தாள். உதட்டில் ரத்தம் கரித்தது. ஆறு எண்ணிக்கை, தாவல். நாலு எண்ணிக்கை, தாவல். பொன்னுராஜைக் கொன்ற பொம்மை மேலிருந்து குதிக்கிற இடம். பார்க்க ஒன்றுமில்லை. சுட்டாள். உடைகிற சத்தம். இன்னும் நாலு எட்டு.

கதவு திறந்தால் வருகிற சின்னப் பாட்டு, மங்கிய அறையில் கணீரென்று கேட்டது.

இருபது பேரும் நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் ட்யூப்லைட் கண்ணைச் சிமிட்டி எரிந்தது. டிவியில் புள்ளி விரிந்து படமாயிற்று. அந்த ஊரில் யாரும் அதுவரை பார்க்காத ஆறாவது மாடி. சுவரெல்லாம் நட்சத்திரம். நடுவில் குட்டி ஆள் உயிரோடு நின்றான். பொம்மை ஒன்று அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. நோட்டில் இதற்குப் பாடம் இல்லை. சொர்ணலதா கண்ணைத் திறந்து சுட்டாள்.

“மேல ஒண்ணு வருதுக்கா, தாவுங்க” என்று பொன்னுராஜ் அவள் நாற்காலிக்குப் பின்னால் குனிந்துகொண்டு சொன்னான். தாவினாள்.

ஞானசிகாமணி முன்னால் வந்தார். “போதும் தாயி, எந்திரி. வேலை ஒனக்குத்தான்” என்றார்.

அவளுக்குக் கேட்டது. கேட்டதும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கன்னம் வழியே கண்ணீர் ஓடித் தாடையில் சொட்டியது. துடைக்க இரண்டு கையும் ஒழியவில்லை.

“இருங்க அண்ணாச்சி, இந்த மாடிய நான் இன்னும் பாக்கவே இல்ல” என்றாள் சொர்ணலதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.