படிவக்காரர் போட்ட ப்ராக்ஸி

பதிவு அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் கணினி வைத்து, ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பித் தருபவரைத் தெருவில் படிவக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தும்மக்கூட யாரிடமாவது அனுமதி கேட்கும் ரகம்.

அப்படிப்பட்டவர் சட்டத்தை மீறியது மகளுக்காக. வெளிநாட்டில் எட்டு மாதக் கர்ப்பம். இரத்த அழுத்தம் ஏறிப் படுத்த படுக்கை. முகம் பார்த்துப் பேசும் செயலியை அரசாங்கம் தடுத்துவிட்டது. தடையைத் தாண்டி, வேறு நாட்டுக் கணினி வழியாகச் சுற்றிப் போகும் ப்ராக்ஸி போட்டால்தான் வரும். போட்டு மாட்டினால்? மூன்றாவது கடை ஜெராக்ஸ்காரரை இதற்காகவே போலீஸ் இரண்டு நாள் வைத்து விசாரித்தது. மனிதர் இப்போது மனைவியிடம்கூட ஜாடையில்தான் பேசுகிறாராம். அந்த அம்மாளுக்கு அதில் பெரிய வருத்தமில்லை என்றும் கேள்வி.

கணினி பழுது பார்க்கும் மச்சினன் இரண்டு மென்பொருள்களைப் போட்டுக் கொடுத்தான்.

"மாமா, இதுல ஒரே பொத்தான். அமுக்கினா எல்லாமே வெளிநாடு சுத்தித்தான் போகும். அதுல பட்டியல். எது சுத்திப் போகணும், எது நேராப் போகணும்னு நீங்களே எழுதணும்."

"எழுதினா கையெழுத்து போட்ட மாதிரி ஆயிடுமேடா."

"கம்ப்யூட்டருக்குள்ள பூந்து யாரு பாக்கப் போறா?"

"அவங்கதான்."

ஊருக்கெல்லாம் பட்டியல் நிரப்பிப் பிழைப்பவர், தனக்கென்று வந்ததும் பொத்தானைத் தேர்ந்தெடுத்தார்.

மூன்றாம் நாள் காலை. "கால் வீக்கம் வடியவே இல்லப்பா" என்று மகள் திரையில் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் தொப்பி தெரிந்தது. காவல் ஆய்வாளர். படிவக்காரர் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"கரண்ட் போச்சா?" ஆய்வாளர் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மட்டும் போச்சு சார்."

"என் பொண்ணுக்குக் காலேஜ் விண்ணப்பம் போடணும். இன்னிக்குக் கடைசி நாள்."

மறுபடி இயக்கினால், எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ப்ராக்ஸி சர்வர் பதில் தரவில்லை என்று திரை முழுக்கப் பெரிய எழுத்து. முறையாக வெளியேறாமல் அணைத்தால் அந்தப் பொத்தான் மென்பொருள், தான் இல்லாதபோதும் வழியை அடைத்தே வைத்திருக்கும் என்று மச்சினன் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

ஆய்வாளர் குனிந்து படித்தார். "ப்ராக்ஸியா? காலேஜ்ல குடுப்போமே, வராதவனுக்குப் பதிலா 'உள்ளேன் ஐயா'ன்னு. அதுவா?"

"கிட்டத்தட்ட சார்."

"இங்க யாருக்குப் பதிலா யாரு உள்ளேன்னது?"

படிவக்காரர் அமைப்புகளுக்குள் போய், ப்ராக்ஸி வழியே போகச் சொல்லும் குறியை எடுத்தார். பக்கம் திறந்தது. விண்ணப்பத்தில் ஆய்வாளருடைய மகளின் பெயரைப் படிவக்காரர் மூன்று முறை தப்பாக அடித்தார்.

அச்சடித்த விண்ணப்பத்தை வாங்கி மடித்த ஆய்வாளர் படியில் நின்று திரும்பினார். "பிளக்க எல்லாம் பிடுங்காதீங்க. எதையும் முறையா மூடிட்டு எந்திரிங்க."

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? நாற்காலியின் முதுகில் சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது. மச்சினனுக்குப் போன் போட்டார்.

"அந்தப் பட்டியல் மென்பொருள், மூடினா வழிய அடைக்காம மூடுமா?"

"திடீர்னு அணைச்சாக்கூட வழிய விட்டுடும் மாமா. ஏன், பயமா இருக்கா? ரெண்டையும் எடுத்துடட்டுமா?"

பேச்சு பாதியில் அறுந்து, மகள் அங்கே என்ன ஆனதோ என்று பதறிக்கொண்டிருப்பாள். பதறினால் அழுத்தம் ஏறும்.

"பொத்தான மட்டும் எடு" என்றார். பட்டியலைத் திறந்து, முதல் வரியில் அந்தச் செயலியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடிக்கத் தொடங்கினார். கண் இரண்டும் வாசலிலேயே இருந்தன.