மவுஸ் பிடிக்காத கை

திண்டிவனத்தில் நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன நாட்களில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, வெறுங்காலோடு அந்த ஏ.சி. அறைக்குள் நுழைந்ததும் வேலையைப் பிரித்துக்கொள்வோம். மவுஸ் என் தோழிக்கு, கீபோர்டு எனக்கு. ஒரு நாள்கூட அவள் மாற்றிக்கொண்டதில்லை.

"நீ தட்டிக்கினே இருடீ, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பாள்.

அதனால் எனக்கு எல்லாமே சாவிகள் வழியாகத்தான் படிந்தது. எந்தச் சாவி எதற்கு என்று கோடு போட்ட நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். கரண்ட் போனால் அடித்ததெல்லாம் போய்விடும் என்ற பயத்தில் நாலு வரிக்கு ஒரு முறை கன்ட்ரோல் எஸ் அழுத்துவேன். "எத்தன தடவடீ சேவ் பண்ணுவ? அது என்னா எழுந்து ஓடிடவா போவுது?" என்று சிரிப்பாள். இப்போதும் நினைத்தால் அந்த அறையின் குளிர் பாதத்தில் ஏறுகிறது.

இப்போது விழுப்புரத்தில் இருக்கிறேன். மகளுக்கு ஒன்றேகால் வயது. என் வீட்டுக்காரருக்கு வடக்கே வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். மகள் முதன்முதலாக நடந்ததை என் போனில் பிடித்து வைத்திருந்தேன். "அனுப்பாத. நான் வந்தப்புறம் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். இந்தச் சனிக்கிழமை வருகிறார்.

புதன்கிழமை மதியம் போனில் இடமில்லை என்று செய்தி வந்தது. இடத்தைக் காலி செய்யும் வழிகளைத் தேடிப் படித்தேன். உறவினர் குரூப்பில் வந்த காலை வணக்கப் படங்களை நீக்கு, பெரிய வீடியோக்களை நீக்கு, குப்பைத்தொட்டியையும் காலி செய், அப்போதுதான் இடம் கிடைக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்வது என் வழக்கம். மகள் தூங்கும்போதே ஒன்று விடாமல் செய்துவிட்டேன். போன் வேகம் பிடித்துப் பறந்தது. சந்தோஷத்தில் அந்த வீடியோவை ஒரு முறை பார்க்கலாம் என்று தேடினேன். இல்லை. பெரிய வீடியோக்களோடு சேர்த்து அதற்கும் நானே டிக் போட்டிருக்கிறேன். குப்பைத்தொட்டியும் சுத்தமாக இருந்தது.

மகள் எழுந்து என் புடவையைப் பிடித்து இழுக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மிச்சம் இருந்தது ஒரே நம்பிக்கை. அவள் நடந்தது திண்டிவனத்தில், என் அம்மா வீட்டில். அன்று சாயங்காலம் ஊருக்குக் கிளம்புமுன் போனை அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் மாட்டி எல்லாவற்றையும் காப்பி போட்டேன். ஆனால் முடிவதற்குள் கேபிளைப் பிடுங்கிவிட்டேனோ? அம்மா 'பஸ்ஸு, பஸ்ஸு' என்று அவசரப்படுத்தியது மட்டும்தான் ஞாபகம். புதிதாக எடுத்ததுதான் கடைசியில் போய்ச் சேரும். பாதியில் பிடுங்கியிருந்தால் விடுபட்டது அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி நெடுக, பிடுங்கினேனா, பிடுங்கவில்லையா என்றே ஓடியது. அவளுக்குத் தொப்பி எடுக்க மறந்தது பாதி வழியில்தான் உறைத்தது.

அம்மா கதவைத் திறந்ததும், "இன்னாடீ, சொல்லாம கொள்ளாம?" என்றார். நான் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனேன்.

"அந்த மவுசு செத்துப்போயி பத்து நாளாவுதும்மா. தூக்கிப் போட்டுட்டேன்."

மவுஸ் எனக்கு எதற்கு? விண்டோஸ் சாவியும் ஈ-யும் அழுத்தினால் கோப்புகள் திறக்கும். அம்புக்குறியால் இறங்கி, என்டர் தட்டி உள்ளே போனேன். நூற்றுக்கணக்கான படங்கள். கடைசிக்குப் போக உருட்ட வேண்டியதில்லை, எண்ட் சாவி ஒன்று போதும். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அழுத்தப் பயந்து நின்றேன்.

அழுத்தினேன். கடைசியில் ஒரு வீடியோ. என்டர்.

அம்மா வேர்க்கடலை, அதுதான் எங்கள் ஊர் மல்லாட்டை, காய வைத்த குவியலைப் பார்த்து, கட்டில் காலை விட்டுவிட்டு நாலு அடி வைக்கிறாள் மகள். "ஏ, நடக்குதுடீ! புடி, புடி!" என்று அம்மா கத்துகிறார். அவள் குவியல் மேலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளுகிறாள். கடைசிவரை முழுதாக ஓடியது.

நான் அழுவதைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"அடிப்போடி! அன்னிக்கி அந்தப் பச்சக் கோடு முழுசா ரொம்பற வரைக்கும் எழுந்திரிக்கவே மாட்டேன்னு உக்காந்துகினு ரெண்டு பஸ்ஸ விட்டியே. நான் கத்து கத்துன்னு கத்தல? அதுகூடவா மறந்துபோச்சி?"

மறந்துதான் போயிருந்தது. செய்த தப்பு மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கும்.

போனில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, தோழிக்கு ஒன்று என்று காப்பி போட்டேன். பச்சைக் கோடு மூன்று முறையும் முழுதாக நிரம்பும்வரை எழுந்திருக்கவில்லை. "எனக்கு எதுக்குடீ அனுப்புன?" என்று தோழி போன் போட்டுக் கேட்டாள். பத்திரமா இருக்கட்டும் என்றேன். "இன்னும் சேவ் பண்ணிக்கினே தான் இருக்கியா நீ?" என்று அதே சிரிப்புச் சிரித்தாள்.

திரும்பும் பஸ்ஸை அன்றும் விட்டேன். இந்த முறை அம்மா கத்தவில்லை.