ஜெகதீஸ் அண்ணையின் இரண்டு அங்குலம்

கரம்பொன்னில் ஜெகதீஸ் அண்ணையை இன்றும் 'கடைக்கார ஜெகதீஸ்' என்றுதான் சொல்வார்கள். இரத்தினபுரியில் இருந்த தகப்பனின் கடையை விற்றுவிட்டு ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடங்களாகப் படகு ஓட்டுகிறார். ஆனாலும் படகில் ஏறுகிறவர்களைக் கடைக்கு வந்தவர்களைப் போலத்தான் பார்ப்பார். "வாங்கோ, இருங்கோ" என்று பலகையைத் துணியால் துடைத்துவிடுவார்.

காலையில் ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுப் பள்ளிக்கூடத்துக்கு ஆறு ஆசிரியர்களை ஏற்றிப்போவதுதான் அவருடைய நிரந்தர ஓட்டம். அங்கே மதியச் சாப்பாடு சமைக்கிற நானும் அதில் போவேன். ஆசிரியர்மார் மேல் மண்ணெண்ணெய்ப் புகை படக்கூடாது என்று எல்லோரையும் முன்பக்கம் இருத்துவார். நான் பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்துகொள்வேன். அங்கே இருந்தால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எஞ்சின் கத்தத் தொடங்கியது. வேகம் எடுத்ததும் திடீரென்று சுற்று ஏறி, காதை அடைக்கும். படகு மட்டும் வேகமாகப் போகாது. கையைத் தளர்த்தினால் சத்தம் அடங்கும். மறுபடி வேகம் கொடுத்தால் மறுபடியும் கத்தும். அரை மணித்தியால ஓட்டம் முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டியது.

வியாழக்கிழமை நாகபூசணி ரீச்சர் சொன்னார்: "ஜெகதீஸ், உம்மிலை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மூண்டு நாளாய்ப் பிந்திப்போய், வரவுப் புத்தகத்திலை எங்கடை கையெழுத்துச் சிவப்புக் கோட்டுக்குக் கீழை போகுது. வாற வெள்ளிக்குள்ளை சரிவராட்டில் மற்றப் படகிலைதான் வருவம்."

"ஓம் ரீச்சர்" என்றார் அவர். அந்த ஆறு பேரும் போனால் அவருக்குக் காலை ஓட்டமே இல்லை.

சனிக்கிழமை எஞ்சின் திருத்துகிற கிளின்ரனைக் கூட்டிவந்தார். தண்ணீரைத் தள்ளுகிற புரொப்பெலருக்குள் இருக்கும் இறப்பர் வழுக்கினால் இப்படித்தான் எஞ்சின் வீணாய்ச் சுற்றும் என்று கிளின்ரன் சொன்னாராம். நகப்பூச்சால் புரொப்பெலரின் நடுவிலிருந்து வெளி விளிம்புவரை ஒரு கோடு இழுத்துவிட்டு, இரண்டு பேருமாய் ஓட்டிப் பார்த்தார்கள். இறப்பர் வழுக்கியிருந்தால் கோடு இரண்டாய்ப் பிரிந்திருக்கும். அது பிரியவில்லை. எஞ்சினும் கத்தவில்லை.

"அண்ணை, எஞ்சின் வலு சுகமாய் இருக்கு. நீங்கள்தான் தலையிடிக்குப் பனடோல் போடவேணும்" என்று சொல்லிவிட்டுக் கிளின்ரன் போய்விட்டார்.

திங்கட்கிழமையும் கத்தவில்லை. ஜெகதீஸ் அண்ணையின் முகம் தெளிந்தது. செவ்வாய்க்கிழமை பழையபடி கத்தியது.

"உந்த எஞ்சினுக்கு ரீச்சர்மாரைக் கண்டால் பயம் போலை" என்றார் ஜெனோசன் சேர். எல்லோரும் சிரித்தார்கள். ஜெகதீஸ் அண்ணையும் சிரித்தார். ஆனால் அன்று இறங்கும்போது யாருக்கும் கை கொடுக்க மறந்துவிட்டார்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கத்தும்போது மட்டும் எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீர் வெள்ளையாய் நுரைத்தது. எஞ்சின் கொழுவியிருந்த இடத்தில் புதிதாய் ஒரு பனங்கட்டை செருகியிருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வியாழக்கிழமை அனலைதீவில் எல்லோரும் இறங்கிப் போனபிறகு சொன்னேன்.

"அண்ணை, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து அரிசி மூட்டை ரெண்டும் பின்னாலை கிடந்தது. அண்டைக்குக் கத்தேல்லை."

"அதுக்கென்ன தங்கச்சி?"

"மற்ற நாளிலை எல்லாரும் முன்னாலை. பின்பக்கம் எழும்புது. எஞ்சின் காத்தை இழுக்குது போலை கிடக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டையைப் பார்த்தார்.

"ஆடியிலை தண்ணி வத்தினால் கரைக் கல்லிலை அடிபடுமெண்டு கட்டை வைச்சு எஞ்சினை ரெண்டு அங்குலம் தூக்கினனான்" என்றார் மெதுவாக. "கிளின்ரனும் நானும் பின்னாலை குந்திக்கொண்டிருந்து பாத்தால் அது கத்துமே?"

கட்டையை எடுப்பதற்கு எஞ்சினின் நட்டுகளைக் கழற்றுகிற சாவி வீட்டில் இருந்தது. அதுவரை பாரத்தைப் பின்னால் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ரீச்சரைப் புகைக்குள் இருங்கோ என்று எப்படிக் கேட்பது?

"நீர் சொல்லும் தங்கச்சி."

"எனக்கு ஏலாது அண்ணை."

பின்னேரம் பின்பலகையை மூன்று தரம் துடைத்தார்.

"ரீச்சர், இண்டைக்கு ஒருக்கால் பின்னாலை இருந்தால் நல்லது."

"ஏன், முன்னாலை மழை பெய்யுதோ?"

"இல்லை ரீச்சர். பின்னாலை பாரம் வேணும்."

நாகபூசணி ரீச்சர் தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். "பாரம் வேணுமெண்டு என்னைத் தேடிப் பிடிச்சிருக்கிறீர்."

ஜெகதீஸ் அண்ணை தலை நிமிரவில்லை. ரீச்சர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முழு வேகம் கொடுத்தும் ஊர்காவற்றுறை வரைக்கும் எஞ்சின் ஒருதரமும் கத்தவில்லை.

வெள்ளிக்கிழமை கட்டை இல்லை. ஆசிரியர்மாரைப் பழையபடி முன்னால் இருத்தினார். எஞ்சின் கத்தவில்லை. அனலைதீவுக் கரைக்குக் கல் தொடங்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டு, கம்பால் ஊன்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கு ஐந்து நிமிடம் கூடப் பிடித்தது. ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இன்னும் நேரம் இருக்கு" என்று இறங்கினார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஜெகதீஸ், மற்றப் படகுக்காரரோடை நான் ஒண்டும் கதைக்கேல்லை."

"ஓம் ரீச்சர்" என்று சொல்லி, அவர் கயிற்றைக் கட்டினார்.