மில்லில் இருந்தபடியே பார்த்த வைத்தியம்

மாவு மில்காரருக்கு வாய் பெரிது. மிஷின் இரைச்சலை மீறிக் கத்திப் பழகியவர். வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். மனைவி நேர் எதிர். மூன்று தரம் கேட்டால் ஒரு வார்த்தை உதிரும். அவளுக்குச் சர்க்கரை வந்து வருடக்கணக்காகிறது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒருநாள் பிழைப்பு போய்விடும். அதனால், டாக்டரிடம் போனில் பேசியே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்றதும் ஊரில் முதல் ஆளாகச் சேர்ந்தவர் அவர்தான்.

ஆனால் டாக்டரம்மா கூப்பிடும் நேரமாகப் பார்த்துத்தான் மில்லில் கூட்டம் சேரும். மிஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடுவானேன்? காலையில் அவள் விரலில் குத்திப் பார்த்த அளவு அவருக்கு மனப்பாடம். மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி அவரே பேசிவிடுவார்.

"அம்மா எங்கே?"

"பக்கத்துலதான் டாக்டர். கூச்சப்படுறா."

"கால்ல புண்ணு, மரத்துப்போறது ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க. கல்லு மாதிரி இருக்கா."

அன்று காலைதான் அவள் சொல்லியிருந்தாள்: "செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியலைங்க." அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம், சாப்பிட உட்கார்ந்தவருக்கு ஏதோ நாற்றம் அடித்தது. அவள் புடவைக்குள் இழுத்துக்கொண்ட காலைப் பிடித்துப் பார்த்தார். சுண்டுவிரல் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. விரலை எடுத்தே ஆகவேண்டும் என்றார். பிறகு மில்காரர் பக்கம் திரும்பினார். "போன வாரம்கூடக் கேட்டேனே! இவங்க பக்கத்துலதானே இருந்தாங்க?"

அவர் சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். கட்டிலிலிருந்து அவள்தான் சொன்னாள்: "இருந்தேன் டாக்டர். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"உங்க உடம்பு மேல உங்களுக்கே அக்கறை வேண்டாமாம்மா?"

அவள் தலைகுனிந்து திட்டு வாங்கினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பியபின் அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டார், அவருக்கே கேட்காத குரலில்.

"அத்தனை பேர் முன்னாடி உங்களைத் திட்டினா எனக்கு நல்லாவா இருக்கும்?"

அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அடுத்த முறை டாக்டரம்மா கூப்பிட்டபோது மில் பூட்டியிருந்தது. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முந்திக்கொண்டார்.

"டாக்டர், அன்னைக்கு இவ பக்கத்துல இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல. நான் மில்லுல இருந்து பேசினேன். இவ சொன்னதை நான்தான் கண்டுக்கல. இவ மேல தப்பே இல்லீங்க."



"உங்களைத் திட்டினா விரல் திரும்பி வரப்போறதில்ல," என்றார் டாக்டரம்மா. "போனை அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தார். அவள் இருமினாள், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள், பிறகு பேசத் தொடங்கினாள். பசி, தலைசுற்றல், பார்வை மங்குவது என்று பேசிக்கொண்டே போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"இன்னொரு காலும் அப்படித்தான் டாக்டர். ரொம்ப நாளா உணர்ச்சியே இல்ல."

இதுவும் அவருக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து மடியில் வைத்தார். உள்ளங்காலை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, விரல் விரலாகப் பார்க்க ஆரம்பித்தார்.