போகஸ் எஞ்சினியர்

எனக்கு மூத்தவள், ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை கொழும்பில் எஞ்சினியர் என்று சாய்ந்தமருதில் எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. பேசி முடித்தவர் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிவைப்பார்கள். எஞ்சினியருக்குக் கீழ்வீடு சரிவராது என்று வாப்பா மேல்மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கலியாணம் நெருங்கிய நேரத்தில் மாமா கொழும்புக்குப் போய்வந்தார். வந்தவர் உம்மா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. நான் தரையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, முக்கியமான சொல்லை மட்டும் இங்கிலீசில் சொன்னார்.

"மச்சான், அவன் போகஸ் எஞ்சினியர்."

வாப்பா உடனே என்னைச் சீனி வாங்கி வரச் சொன்னார். வீட்டில் சீனி இருந்தது.

சிவில் எஞ்சினியர், எலக்ட்ரிகல் எஞ்சினியர் எல்லாம் நான் கேள்விப்பட்டிருந்தேன். போகஸ் எஞ்சினியர் அவர்களைவிடப் பெரிய ஆளாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. கடைக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு நன்றாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ராத்தாவோடு படிப்பிக்கும் ரீச்சர்மார் கலியாணச் சாரியைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை என்ன எஞ்சினியர் என்று ஒருவர் கேட்டார். ராத்தா வெட்கப்பட்டுத் தயங்கினாள். நான் முந்திக்கொண்டேன்.

"போகஸ் எஞ்சினியர்."

இரண்டு பேர் சிரித்தார்கள். இங்கிலீஸ் ரீச்சர் சிரிக்கவில்லை. "ஆர் புள்ள சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். மாமா வாப்பாவிடம் சொன்னார் என்றேன், பெருமையாக. ராத்தாவுக்கும் அந்தச் சொல் தெரியாது. ரீச்சரிடம் கேட்டாள். அவர் காதுக்குள் சொன்னதும், ராத்தா சாரியை மடிக்கத் தொடங்கினாள்.

அவர்கள் போனதும் உம்மா என் கன்னத்தில் அறைந்தார். வாப்பா மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். மாமா வந்து, என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே, தான் அப்படி ஒரு சொல்லைச் சொல்லவேயில்லை, இந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லிப் பழகிவிட்டது என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது. வாப்பா அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையை ஆட்டினார். பொய் சொன்னேன் என்று ராத்தாவிடம் சொல்லும்படி என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

ராத்தா எனக்கு முன்னால் குந்தினாள்.

"நீ மெய்யாக் கேட்டியா?"

"ஓம் ராத்தா."

அவள் எழும்பி, "எனக்கு இந்தக் கலியாணம் வேணாம் வாப்பா" என்றாள்.

வாப்பா அவளை மூன்று நாள் விடாமல் ஏசினார். கார்ட் கொடுத்தாகிவிட்டது, இனி ஊரில் எப்படித் தலை நிமிர்வது என்றார். மனிதன் நல்லவன்தானே, வேலை என்னவாக இருந்தால் என்ன என்று உம்மா அழுதார். ராத்தா அசையவில்லை. கலியாணம் நின்றது. மேல்மாடி பாதியில் நின்றது. வாய்க்காரி என்று எனக்குப் பெயர் விழுந்தது. மாமா மட்டும் வழக்கம்போல ஒவ்வொரு பெருநாளைக்கும் வந்து, முதல் தட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நான் அதை மிகவும் கெட்ட வார்த்தை என்று நம்பினேன். குளிக்கும்போது வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தேன். மேல்வகுப்பில் அகராதியைப் புரட்டியபோதுதான் அதற்குப் போலி என்று அர்த்தம் எனத் தெரிந்தது. அவ்வளவுதானா என்று திகைத்துப்போனேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எனக்கு ஏச்சு விழுந்தது, ராத்தாவுக்கு விழுந்தது, சாரி பார்க்க வந்த ரீச்சருக்குக்கூட விழுந்தது. அந்த மாப்பிள்ளையை ஏசி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.